எந்தச் சரிவில் ஏறுவது, பையில் எதை வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 29. சொந்த ஊர் ராயக்கோட்டைப் பக்கம், வேலை ஓசூரில். செப்டம்பரில் ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்துக்குப் போகிறேன். அங்கே இருக்கும் கல்லூரித் தோழிகள் இருவர் அடிரோண்டாக் மலைகளில் ‘ஸ்லைடு’ ஏறப் போகலாம் என்கிறார்கள். ஒருத்தி கோல்டன் மலையின் டிராப் டைக் வழியைச் சொல்கிறாள், இன்னொருத்தி ஜயன்ட் மலையின் ஈகிள் ஸ்லைடுதான் என்கிறாள். பென்னீஸ் புரூக், மெக்கோம் என்ற பெயர்களும் அடிபடுகின்றன. சின்ன வயதிலிருந்தே எங்கள் ஊர்க் கரட்டில் ஏறி இறங்கியவள் நான். ஏற்காடு, கொல்லிமலை டிரெக்கிங் போயிருக்கிறேன். கயிறு கட்டி ஏறிப் பழக்கமில்லை. எந்த வழி எனக்குச் சரிப்படும்? என்னென்ன கொண்டுபோக வேண்டும்? கயிறு இல்லாமல் போகவே கூடாது என்கிறார் அம்மா.
— வாசகி, ஓசூர்

பதில்: விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன நான்கில் முதலில் போக வேண்டியது பென்னீஸ் புரூக். அது நன்றாக அமைந்து, பாறை காய்ந்திருக்கும் இன்னொரு நாளும் கிடைத்தால், அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு டிராப் டைக். ஈகிள் ஸ்லைடு இந்தப் பயணத்தில் வேண்டாம். மெக்கோம் ஏறலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற பாறையேற்றம் அங்கே கிடைக்காது.

ஏன் என்று புரிய, அந்தச் சரிவுகள் எப்படி உண்டாயின என்று தெரிந்திருக்க வேண்டும். அடிரோண்டாக்கின் உயர்ந்த சிகரங்களில் பாறைக்கு மேல் மண் மிக மெல்லியதாகத்தான் இருக்கும். அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு ஊசியிலை மரங்கள் நிற்கும். பெருமழையில் மண் ஊறிக் கனத்ததும் மரத்தோடு சேர்ந்து மொத்தமாக வழுக்கி இறங்கிவிடும். அடியில் இருந்த பாறை நீண்ட பட்டையாக வெளியே தெரியும். அதைத்தான் ஸ்லைடு என்கிறார்கள். 2011 ஆகஸ்ட் 28ஆம் தேதி வந்த ஐரீன் புயல் ஒரே நாளில் அங்கே பல புதிய சரிவுகளை உண்டாக்கியது, பழையவற்றை அகலப்படுத்தியது. பென்னீஸ் புரூக் இன்றைக்கு இருக்கும் வடிவத்துக்கும், டிராப் டைக்கிலிருந்து வெளியேறி உச்சிக்குப் போகும் இப்போதைய பாதைக்கும் அந்தப் புயல்தான் காரணம்.

சரிவின் வயதையும் பார்க்க வேண்டும். புதிதாக உரிந்த பாறை சுத்தமாக, சொரசொரப்பாக இருக்கும், கால் நன்றாகப் பிடிக்கும். வருஷம் போகப் போக ஓரங்களில் பாசியும் கறுப்புப் படலமும் ஏறும். காய்ந்திருக்கும்போது அது ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டால் சோப்புத் தண்ணீர் ஊற்றிய தரை கெட்டது போங்கள்.

பாறை என்ன பாறை என்று கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அனார்த்தோசைட். நிலவின் மேட்டுநிலங்களில் நிறைய இருப்பதும் இந்த வகைதான். நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியிலும் இது கிடைக்கிறது. சந்திரயான்-2 தரையிறங்கும் கலத்தைச் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது அந்தக் கல்லை அரைத்துத்தான். ஏறுகிறவருக்கு இதில் என்ன லாபம் என்றால், இந்தக் கல்லில் பெரிய பெரிய படிகங்கள் இருக்கும், காய்ந்த நாளில் உள்ளங்காலுக்குப் பிடிப்பு நன்றாகக் கிடைக்கும். முப்பது, முப்பத்தைந்து டிகிரிச் சரிவில்கூட நிமிர்ந்து நடக்கலாம்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

பென்னீஸ் புரூக் ஸ்லைடு 4,175 அடி உயரமுள்ள லோயர் உல்ஃப்ஜா மலையின் வடபக்கத்தில் இருக்கிறது. கீன் வேலி ஊருக்கு மேலே கார்டன் என்ற கார் நிறுத்துமிடத்திலிருந்து ஜான்ஸ் புரூக் ஓடைப் பள்ளத்தாக்கு வழியாகப் போக வேண்டும். சரிவு நீளமானது, பெரும்பகுதி சாய்வு குறைவு. செங்குத்தான இடங்கள் படிப்படியாகத்தான் வரும், கடைசியில்தான் கொஞ்சம் நிமிரும். இது முதல் தடவைக்கு ஏற்றது என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் வேறு. எந்த இடத்திலும் பத்திருபது அடி பக்கவாட்டில் நகர்ந்தால் மரங்களுக்குள் போய்விடலாம். மழை பிடித்தாலும், தோழிக்குக் கால் நடுங்கினாலும், உங்களுக்கே மனசு சரியில்லை என்றாலும், ஒதுங்கி மரத்தைப் பிடித்து இறங்க வழி இருக்கிறது. வழியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எவ்வளவு அழகு, எத்தனை பேர் புகழ்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் எப்படித் திரும்புவது? இதற்குப் பதில் தெரியாத வழியில் புதியவர்களை நான் கூட்டிப்போவதில்லை.

இந்தக் கேள்வியை டிராப் டைக்கிடம் கேளுங்கள். கோல்டன் மலையின் மேற்கு முகத்தில், அவலாஞ்ச் ஏரிக்கு நேர் மேலே, மலையையே பிளந்ததுபோல் ஒரு பெரிய வெட்டு தெரியும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெள்ளைப் பாறைக்கு நடுவே சுவர்போல ஓடும் கறுப்புக்கல்லைப் பார்த்திருப்பீர்கள், குவாரிகளில் வெட்டி எடுப்பார்களே, அதே சங்கதிதான். பழைய பாறையின் வெடிப்புக்குள் கறுப்புக் குழம்பு புகுந்து இறுகியது. கோல்டனில் அந்தக் கறுப்புக்கல் சுற்றியிருந்த பாறையைவிடச் சீக்கிரம் தேய்ந்து அரித்துப்போனதால் அந்த இடம் பள்ளமாகிவிட்டது. 1850இலேயே அதில் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள். அதனால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள்.

பள்ளத்துக்குள் போய்விட்டால் இரண்டு பக்கமும் சுவர். உள்ளே இரண்டு சிற்றருவிகள் வரும். இரண்டாவதன் பக்கம் ஏறும் இடம்தான் கஷ்டம். கைக்கும் காலுக்கும் நல்ல பிடிகள் இருக்கின்றன, ஆனால் கீழே விழுந்தால் தடுக்க எதுவும் இல்லை. ஏறியதை அதே வழியில் இறங்குவது ஏறுவதைவிட மோசம். அதைத் தாண்டியதும் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. வலது பக்கச் சுவர் தாழ்ந்து, விரிந்த பாறை கண்ணில் பட்டதும் ‘அப்பாடா, இங்கேயே வெளியேறிவிடலாம்’ என்று தோன்றும். அங்கே வெளியேறினால் செங்குத்தான வழவழப்பில் போய் நிற்பீர்கள், மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. மீட்புக் குழு வர வேண்டிய நிலை பல தடவை இப்படித்தான் வந்திருக்கிறது. உயிர்ச் சேதமும் நடந்த வழி இது. பள்ளத்திலேயே பொறுமையாக இன்னும் மேலே போய், 2011இல் உண்டான அகலமான சரிவு வந்த பிறகுதான் வெளியேற வேண்டும். எங்கே வெளியேறுவது என்று தெரிந்த ஒருவர் கூட இருப்பது பத்துப் பொருள் கொண்டுபோவதற்குச் சமம் என்பதால்தான் வழிகாட்டி என்றேன்.

ஈகிள் ஸ்லைடு 4,627 அடி உயரமுள்ள ஜயன்ட் மலையின் மேற்குப் பக்கத்தில் பல கிளைகளாகப் பிரிந்து ஏறுகிறது. அகலமான திறந்த பாறை, மேலே போகப் போக நிமிரும். எந்தக் கிளையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கயிறு தேவைப்படும் அளவுக்குக் கடினமாகிவிடும். கீழே இருந்து பார்க்கும்போது இந்தக் கிளைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அடிவாரத்துக்குப் போகவே பாதையில்லாத காட்டில் ஓடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். உங்கள் தோழிக்கு இது பழக்கமாக இருக்கலாம், குழுவில் எல்லோருக்கும் பழகாத வரை இது சரிவராது.

மெக்கோம் மலையின் சரிவு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கிடப்பது உதிரிக் கற்களும் கிராவலும். ஒரு அடி வைத்தால் அரை அடி சரியும், முன்னால் போகிறவர் உருட்டிவிடும் கல் பின்னால் வருகிறவர் மேல் விழும்.

உயரத்தை வைத்து ஏமாறாதீர்கள். கோல்டன் 4,714 அடி, ஏற்காட்டைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் ஏற்காட்டுக்கு பஸ் போகிறது. கோல்டனுக்கு ஏரிக்கரை வரை போய்ச் சேரவே எட்டுக் கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஏற்றமே ஆரம்பம்.

இப்போது உங்கள் கரட்டு அனுபவத்துக்கு வருகிறேன். அதை நீங்கள் சாதாரணமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே நம்பிக்கை தந்த வரி அதுதான். ஏறக்குறைய 250 கோடி வருஷப் பாறையில் ஓடி விளையாடி வளர்ந்தவர் நீங்கள். மொட்டைப் பாறையில் பயமில்லாமல் நிற்பது பலருக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தாலும் வராது. நம் பாராமகால் (சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் பழைய பெயர்) பாறைகள் லேசுப்பட்டவை அல்ல. 1791 நவம்பரில் ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரியின் கீழ்க்கோட்டையைப் பிடித்தும் மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. அந்த மலையின் செங்குத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

கிளம்பும்வரை வாரத்தில் ஒரு நாள் காலை உங்கள் ஊர்க் கரட்டுக்குப் போங்கள். விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் பாறை சுட ஆரம்பித்துவிடும். ஏறுவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அது உங்களுக்குத் தெரியும். இறங்கப் பழகுங்கள். சரிவைப் பார்த்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, உள்ளங்கால் முழுவதும் பாறையில் படும்படி சின்னச் சின்ன அடியாக வாருங்கள். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், பிட்டத்தைத் தரையில் வைக்கத் தோன்றும். அப்படிச் சாயும்போதுதான் குதிகால் வழுக்கும். எடை காலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஏறும்போதும் இதேதான். பயத்தில் பாறையைக் கட்டிப்பிடித்தால் காலின் பிடி போய்விடும். இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளி வையுங்கள், குதிகாலைக் கீழே இறக்குங்கள், கை தோளுக்குக் கீழேயே ஊன்றி இருக்கட்டும்.

இன்னொன்று பழக வேண்டியது பாறையைத் தட்டிப் பார்ப்பது. நம் கரடுகளில் பாறை தட்டுத் தட்டாக உரிந்து நிற்கும். விரல் முட்டியால் தட்டினால் கெட்டியான பாறை சத்தமே கொடுக்காது. உள்ளே விட்டுப்போன தட்டு ‘டொக்’ என்று சொல்லும். குவாரியில் வேலை செய்கிறவர்கள் சம்மட்டிச் சத்தத்தை வைத்தே கல்லின் குணத்தைச் சொல்லிவிடுவார்கள். ‘டொக்’ என்ற இடத்தில் கையைப் போட்டு இழுக்காதீர்கள், காலை அழுத்தாதீர்கள். இந்தச் சோதனை அமெரிக்காவிலும் அப்படியே செல்லும்.

ராயக்கோட்டைக் கோட்டைக்கும் கிருஷ்ணகிரிக் கோட்டைக்கும் படி ஏறிக் கால் வலுவைக் கூட்டலாம், ஆனால் அவை தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்கள், சுவரில் கால் வைக்கக் கூடாது. அஞ்செட்டி, தளி, ஜவளகிரிப் பக்கத்துக் காப்புக்காடுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே வேண்டாம், யானை நடமாட்டம் உள்ள காடு. பாறை வளைவுகளுக்கு அடியில் மலைத்தேன் கூடு தொங்கினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கையை விடாதீர்கள், விரியன் இருக்கலாம். ஒருவரையாவது கூட அழைத்துப்போங்கள்.

பொருள்களில் முதலாவது செருப்பு, அதாவது ஷூ. பையில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. கனமான தோல் டிரெக்கிங் பூட்ஸ் வேண்டாம், அடிப்பாகம் வளையாமல் பாறையில் விளிம்பு மட்டும்தான் படும். ஓடுகிற ஷூவும் வேண்டாம், மெத்தை அதிகம். அப்ரோச் ஷூ என்று கேளுங்கள். முன்பாகம் வழவழப்பாக, பாறையில் ஒட்டுகிற ரப்பர் வைத்திருப்பார்கள். இங்கேயே வாங்கினால் உங்கள் கரட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், காலுக்கும் பழகிவிடும். புது ஷூவை ஏற்றத்தன்று காலையில் முதன்முதலாக மாட்டுவது கொப்புளத்தைக் கூப்பிடுவதுதான். ஓடையைக் கடந்து வந்தால் பாறையில் கால் வைக்குமுன் அடிப்பாகத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். இதைச் செய்ய அரை நிமிஷம்தான் ஆகும், பலர் செய்வதில்லை.

அடுத்தது ஹெல்மெட். பைக் ஹெல்மெட்டைக் கொண்டுபோகலாமா என்று இங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. கூடாது. கனம் அதிகம், நிமிர்ந்து மேலே பார்க்க முடியாது. மலையேற்றத்துக்கென்றே செய்த லேசான ஹெல்மெட்டில் ஈஎன் 12492 என்ற தர எண் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். மேலே யாராவது ஏறிக்கொண்டிருந்தால் கல் வரும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கல்லைத் தட்டிவிட்டால் வெட்கப்படாமல் ‘ராக்!’ என்று கத்துங்கள்.

கயிறு. அம்மாவின் கவலை நியாயமானது. ஆனால் கயிறு தானாக யாரையும் காப்பாற்றாது. மேலே இருப்பவர் உறுதியான இடத்தில் தன்னைக் கட்டிக்கொண்டு, விழும் ஆளைப் பிடித்து நிறுத்தத் தெரிந்திருந்தால்தான் அது காக்கும். தெரியாத மூன்று பேர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சரிவில் நடந்தால் ஒருவர் வழுக்கும்போது மூன்று பேரும் போவார்கள். பென்னீஸ் புரூக்கில் காய்ந்த நாளில் கயிறு வேண்டியதில்லை. டிராப் டைக்கில் வேண்டும், அதை வழிகாட்டி கொண்டுவருவார், இடுப்புப் பட்டை மாட்டுவதும் அவர் சொல்லிக்கொடுப்பார். ஹார்டுவேர் கடை நைலான் கயிறு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், அது ஆளின் எடை விழும் அதிர்ச்சியைத் தாங்கச் செய்ததல்ல. அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: கயிறு தேவைப்படும் இடத்துக்குக் கயிறு தெரிந்தவரோடுதான் போவேன், தெரிந்தவர் இல்லையென்றால் அந்த இடத்துக்கே போகமாட்டேன்.

துணிமணியில் நம் ஊர்ப் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். இங்கே பருத்திதான் சுகம். அங்கே வியர்வையில் நனைந்த பருத்தி டீ-ஷர்ட்டோடு உச்சிக் காற்றில் நின்றால் பத்து நிமிஷத்தில் உடம்பு உதறும். செப்டம்பர் கடைசியில் அடிவாரம் இதமாக இருக்கும்போதே உச்சியில் உறைகுளிர் வரலாம். சீக்கிரம் காயும் செயற்கை இழை சட்டை, அதன் மேல் ஃபிளீஸ் (கம்பளிபோல் மெத்தென்ற மேலாடை), அதன் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. குல்லாயும் கையுறையும் சின்னப் பொருள்தான், விட்டுவிடாதீர்கள். முழுக்கால் பேன்ட் கட்டாயம். சரிவு முடிந்ததும் உச்சிக்கு முன்னால் நெருக்கமான குட்டை மரங்கள் வரும். அந்தக் குச்சிகளுக்குள் நுழைந்துதான் பாதையைப் பிடிக்க வேண்டும். முழங்கை கீறும், கண்ணில் குத்தும். சாதாரணக் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். நடைக்குச்சி கொண்டுபோனால் மடக்கிப் பைக்குள் வையுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கிளையும் பிடித்து இழுக்கும்.

தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, மாற்று பேட்டரியோடு. செப்டம்பர் கடைசியில் ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்னால் இருட்டிவிடும். போனில் டார்ச் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அந்தப் பள்ளத்தாக்குகளில் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது, போன் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். காகித வரைபடம், திசைகாட்டி, விசில், கிரேப் பேண்டேஜ், இரண்டு லிட்டர் தண்ணீர், ஓடைத் தண்ணீரைச் சுத்தப்படுத்த ஃபில்டர் அல்லது மாத்திரை. சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கடலை மிட்டாயும் பொரிவிளங்காய் உருண்டையும் எடுத்துப்போங்கள். கெடாது, நசுங்காது, குளிரிலும் கடிக்கலாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் அன்றைக்கு வெயில் அடித்தாலும் சரிவு வேண்டாம், மேலே ஊறிய தண்ணீர் கறுப்புக் கோடுகளாக வடிந்துகொண்டே இருக்கும். அந்த நாளில் சாதாரணப் பாதையில் நடந்துவிட்டு வாருங்கள், அதுவும் அழகுதான், செப்டம்பர் கடைசியில் இலைகள் சிவந்திருக்கும். அக்டோபர் நடுவுக்கு மேல் பாறையில் கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டி படியலாம். அதனால் நீங்கள் போய்ச் சேர்ந்த முதல் நான்கைந்து வாரங்களில் ஏறினால்தான் உண்டு. மூன்று மாதம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு மூன்று பேரும் உட்கார்ந்து திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மதியம் ஒரு மணி என்று வைத்தால், அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும் திரும்புவது என்று ஒப்புக்கொள்ளுங்கள். மூவரில் யார் வேண்டாம் என்றாலும் காரணம் கேட்காமல் மூவரும் திரும்புவது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இந்தப் பேச்சை நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும், குழுவில் புதியவர் கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

பாதை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பதிவேடு இருக்கும். பெயர், எத்தனை பேர், எந்த வழியாக ஏறுகிறீர்கள், எந்த வழியாக இறங்குகிறீர்கள் என்று எழுதிவிட்டுப் போங்கள். வராதவர்களைத் தேட ஆரம்பிக்கும்போது மீட்புக் குழுவுக்கு உதவும் குறிப்புகளில் அதுவும் ஒன்று. இறங்கி வந்ததும் மறக்காமல் அதில் வெளியேறிய நேரத்தையும் எழுதுங்கள், அப்புறம் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். நீங்கள் இறங்கும் நேரத்தில் இங்கே அதிகாலை ஆகியிருக்கும், ஆனாலும் அவர் விழித்துத்தான் இருப்பார்.